எண்பதாம் பிறந்தநாளில் ஒரு முன்னுரை

1900ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 24ஆம் நாள், இங்கிலாந்து நாட்டின் ஆக்ஸ்போர்டு நகரில் ஒரு முதியவர் தாம் எழுதி முடித்த நூலின் முன்னுரைக்கு நாளிட்டார். அந்நூல் மாணிக்கவாசகப் பெருமான் அருளிய திருவாசகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு. அம்முதியவர் ஜி. யு. போப் என்று தமிழுலகம் அறிந்த ஜார்ஜ் உக்லோ போப். அன்று அவருக்கு எண்பது அகவை நிறைந்தது. அதனை முன்னுரையிலேயே அவர் குறிக்கின்றார். பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து, தாம் முதன்முதலாகத் தமிழ்ப் பாடம் கற்றது 1837இல் என்பதையும் சேர்த்து எழுதுகின்றார். இடையே 63 ஆண்டுகள். தம் வாழ்நாளின் எழுத்துப் பணி இத்துடன் நிறைவுறுவதாகத் தாம் கருதுவதையும், நெகிழ்ந்த உள்ளத்தோடு விடைபெறுவதையும் அவர் மறைக்கவில்லை.

முதுமையைப் பற்றி எழுதப் புகுந்தோர் பலரும் ஒன்று இரங்கத்தக்க நிலையாக அதனைக் காட்டுவர். அன்றேல் ஞானத்தின் கொடுமுடியாகப் புகழ்வர். போப்பையரின் முதுமை இவ்விரண்டினுள்ளும் அடங்குவதன்று. அது கடன் தீர்க்கும் முதுமை. ஓர் அயல்மொழி தமக்குத் தந்ததை, தம் கண்ணொளி குன்றுமுன் திருப்பிச் செலுத்திவிட வேண்டும் என்று உழைத்த கிறித்தவ குரு ஒருவரின் இறுதிக் கால் நூற்றாண்டே இக்கட்டுரையின் பொருள். அவருடைய இளமையை விரைந்து கடந்து செல்வோம்.

கனடாவின் கிழக்குக் கரையை ஒட்டிய பிரின்ஸ் எட்வர்டு தீவில் 1820இல் அவர் பிறந்தார். தந்தையார் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து அங்குச் சென்ற வணிகர். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. வெஸ்லியன் சபையாரின் பள்ளிகளில் பயின்று, தமிழ்நாட்டில் சமயத் தொண்டாற்றும் நோக்குடன் பத்தொன்பதாம் அகவையில், 1839இல், அவர் கப்பலேறினார். பின்னர் ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்து, 1843இல் துணைக் குருவாகவும் 1845இல் குருவாகவும் பட்டம் பெற்றார். தூத்துக்குடிக்கு அருகிலுள்ள சாயர்புரம் அவர்தம் முதற்களம். ஆங்கு அவர் தோற்றுவித்த கல்விக்கூடம் நெல்லைச் சீமையின் கல்வி வரலாற்றில் மறக்கவொண்ணாத இடம் பெற்றது. முதல் துணைவியாரை 1845இல் இழந்தார். 1849இல் மறுமணம் செய்துகொண்ட பின்னர் 1851இல் தஞ்சைக்கு வந்தார்.

தஞ்சையில் அவர் வாழ்வு அமைதியாக இருக்கவில்லை. லூத்தரன் சபையாரோடு கடும் பூசல். தம்மை அனுப்பிய சங்கத்தாரோடும் மனவேறுபாடு. முடிவில் அப்பணியை விட்டே விலக நேர்ந்தது. பிறகு உதகமண்டலத்தில் ஒரு பள்ளி. 1870களில் பெங்களூரின் பிஷப் காட்டன் பள்ளி. இரண்டிலும் அவர் கண்டிப்பு மிக்க தலைமையாசிரியர் என்று பெயர் எடுத்தார். அக்காலத்தில் கண்டிப்பு என்றால் பிரம்பு என்று பொருள். பிரம்பைக் கண்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் என்ற முறையிலும், தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்திருப்பவன் என்ற முறையிலும் நான் அவரை இதற்காகப் பாராட்டப் போவதில்லை. திருவாசகத்தின் முன் உருகி நின்ற அதே உள்ளம் சிறுவர்முன் இறுகி நின்றது என்பதையும் சேர்த்து அறிந்தால்தான் அவரை முழுமையாக அறிந்தவர்கள் ஆவோம். வரலாற்று மாந்தரைத் தேவர்களாக்கி மாலையிடுவது நம்மவர்க்கு எளிதில் கைவந்த கலை. மனிதராகவே வைத்துப் பார்ப்பதற்குத்தான் பயிற்சி வேண்டியிருக்கிறது.

இத்தனை அலைச்சலுக்கு இடையிலும் அவர் தமிழை விடவில்லை. தமிழ் கற்கப் புகும் ஐரோப்பியர்க்கு 1855இல் ஒரு கைந்நூல் தந்தார். தமிழ்ச் சிறார்க்கு வினாவும் விடையுமாக அமைந்த இலக்கண நூல்களை எழுதினார். இவை பல பதிப்புகளாக வெளிவந்து, போப்பையர் இலக்கணம் என்றே வழங்கலாயின. ஆசிரியப் பயிற்சியில் நாம் படிக்கும் ஒரு பாடத்தை அவர் தம் பட்டறிவால் முன்னரே கண்டிருந்தார்: மாணவன் எங்கே இடறுவான் என்பதை ஒரு காலத்தில் தானும் இடறியவனே செவ்வனே அறிவான். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் எழுதிய இலக்கணம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பயன்பட்டதன் காரணம் இதுவே எனலாம்.

1880களின் தொடக்கத்தில் அவர் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். அறுபதைத் தாண்டியிருந்தார், நாற்பது ஆண்டுப் பணி முடிந்திருந்தது. நம் நாட்டில் அரசு ஊழியரின் கட்டாய ஓய்வு வயது நெடுங்காலம் 55ஆக இருந்தது. 2001இல் 56ஆகவும், 2008இல் 58ஆகவும், 2012இல் 60ஆகவும் உயர்ந்தது. ஜொகூரில் என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர் பலரை நான் அறிவேன். பிரிவுபசார விழாவில் மாலையும் மணிக்கூண்டுப் படமும் பெற்று வீடு சென்றவர்களுள் சிலர், மறுநாள் காலையில் என்ன செய்வதென்று தெரியாமல் பள்ளி வாயிலுக்கே வந்து நின்றதுண்டு. ஓய்வூதியம் உடலைக் காக்கும். விடிந்ததும் எழுந்திருப்பதற்கு ஒரு காரணத்தை அது தருவதில்லை. போப்பையரும் அப்படியொரு விடியலைச் சந்தித்திருக்கவேண்டும். மான்செஸ்டரில் சிறிது காலம் தங்கியிருந்த அவருக்கு 1884இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் விரிவுரையாளர் பணி கிடைத்தது. அப்போது வயது 64.

இவ்விடத்தில் கால்டுவெல் ஐயரை நினையாமல் இருக்கமுடியவில்லை. 1838இல் தமிழ்நாட்டிற்கு வந்து, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் உலகுக்கு அளித்த அப்பெரியார், தாம் பணியாற்றிய மண்ணிலேயே முதுமை எய்தினார். 1891இல் கொடைக்கானலில் மறைந்த அவருடைய உடல், இடையன்குடியில் அவரே எழுப்பிய கோயிலில் நல்லடக்கம் செய்யப்பட்டது. சுற்றிலும் தமிழ் கேட்கும் முதுமை அவருக்கு வாய்த்தது. போப்பையருக்கு அது கிட்டவில்லை. தமிழ் பேசுவோர் அரிதாகிய ஒரு குளிர்நாட்டு நகரில், இந்திய ஆட்சிப் பணிக்குச் செல்லவிருந்த இளைஞர் சிலருக்குப் பாடம் சொல்லும் வேலை. அவ்விளைஞர்க்குத் தமிழ் தேர்வில் தேறுவதற்கு வேண்டிய ஒரு மொழி; அவருக்கோ அது வாழ்நாளில் பெரும்பகுதி. பிரிவுதான் அவரை நூலாசிரியராக்கியது என்று நான் கருதுகிறேன். காதில் விழாத மொழியை ஏட்டில் தேடினார். அவருடைய பெருநூல்கள் மூன்றும் தமிழ்நாட்டில் எழுந்தவை அல்ல. தமிழ்நாட்டை விட்டு நீங்கிய பின் வெளிவந்தவை.

முதலில் 1886இல் திருக்குறள். 1330 குறட்பாக்களையும் ஆங்கிலச் செய்யுளாக்கி, குறிப்புரையும் சேர்த்து வெளியிட்டார். செய்ந்நன்றியறிதல் என்னும் அதிகாரத்தை ஒவ்வொரு சொல்லாக நிறுத்து மொழிபெயர்த்தவர், வள்ளுவரைப் போற்றித் தாமே ஓர் ஆங்கிலப் பாடலும் யாத்தார். ஏழாண்டு கழித்து, 1893இல், நாலடியாரின் 400 வெண்பாக்களும் ஆக்ஸ்போர்டின் கிளாரண்டன் அச்சகத்திலிருந்து வந்தன. அப்போது அவருக்கு 73 வயது.

வள்ளுவரைப் பற்றி அவர் சொன்ன ஒன்றை மட்டும் ஏற்பதற்கில்லை. மயிலாப்பூரில் வாழ்ந்த வள்ளுவர் அங்கிருந்த கிறித்தவ ஆசிரியர்களோடு பழகியிருக்கக்கூடும், மலைப்பொழிவின் கருத்துகள் அவர் செவிக்கு எட்டியிருக்கக்கூடும் என்று அவர் ஊகித்தார். நூலின் காலத்தையும் கி.பி. 800க்குப் பின்னே தள்ளினார். தமிழறிஞர் பலர் இதனை மறுத்தனர், மறுத்தது சரியே. தான் பெரிதாக மதிக்கும் ஒன்றைத் தன் சமயத்தின் வீட்டுக்குள் அழைத்து வந்து அமர்த்திவிட வேண்டும் என்னும் ஆசை நம்பிக்கையாளர்க்கு இயல்பாக எழுவது. அது அன்பினால் நேரும் பிழை, ஆயினும் பிழையே. வியப்பு என்னவென்றால், வயது ஏற ஏற அவரிடம் இவ்வாசை குறைந்துகொண்டே வந்தது. திருக்குறளில் தம் சமயத்தின் எதிரொலியைத் தேடியவர், திருவாசகத்தை அடைந்தபோது மாணிக்கவாசகரைச் சைவராகவே கண்டு, சைவராகவே ஏற்று, சைவராகவே உலகுக்குக் காட்டினார்.

திருவாசக மொழிபெயர்ப்பு தோன்றிய கதையை அவரே முன்னுரையில் சொல்லியிருக்கின்றார். அவர் பணியாற்றிய பேலியல் கல்லூரியின் தலைவராக இருந்தவர் பெஞ்சமின் ஜோவெட். பிளேட்டோவின் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்த பேரறிஞர். ஒருநாள் இரவு இருவரும் கல்லூரி முற்றத்தில் உலவிக்கொண்டிருந்தனர். பேச்சு தமிழ்ப் பாடல்கள்மேல் சென்றது. இவற்றை அச்சிட்டே ஆகவேண்டும் என்றார் ஜோவெட். அது நெடுநாள் பிடிக்கும் வேலை, தமக்குச் சாவாமைப் பட்டயம் எதுவும் எழுதித் தரப்படவில்லையே என்றார் போப். நிலவொளி நரைத்த தலைமேல் விழ, ஜோவெட் திரும்பி நின்று நண்பரின் தோள்மேல் கைவைத்தார். பெரியதொரு வேலையைக் கையில் வைத்திருப்பதே நெடுநாள் வாழும் வழி. அதனை முடிக்கும்வரை நீர் வாழ்வீர் என்பது அவர் கூறியதன் கருத்து. அன்று தாம் அதனை நம்பவில்லை என்கிறார் போப். சொன்னவர் 1893இல் மறைந்துவிட்டார். கேட்டவர் நூலை முடித்து, முன்னுரையில் அந்த இரவை எழுதிவைத்தார். ஒரு முதியவர் இன்னொரு முதியவருக்குச் சொன்ன இச்சொல்லைக் காட்டிலும் பொருத்தமான ஓய்வுக்கால வாழ்த்தை நான் எந்தப் பிரிவுபசார விழாவிலும் கேட்டதில்லை.

திருவாசகத்தின் 51 பகுதிகளையும் மொழிபெயர்ப்பது சொற்களைப் பெயர்க்கும் வேலை மட்டுமன்று. அதற்கு மாணிக்கவாசகரின் வரலாறு, தில்லை, திருப்பெருந்துறை, சைவ சித்தாந்தம் ஆகிய அனைத்தையும் ஆங்கிலேயருக்கு விளக்கவேண்டியிருந்தது. உமாபதி சிவாசாரியார் இயற்றிய திருவருட்பயனையும் அதற்காகவே மொழிபெயர்த்துச் சேர்த்தார். இந்தியச் சமயங்கள் அனைத்தினுள்ளும் உள்ளீட்டால் மிக மதிப்புடையது சைவ சித்தாந்தமே என்ற தம் மதிப்பீட்டை ஐயத்திற்கு இடமின்றி எழுதினார். மாணிக்கவாசகரைப் பவுலடியாரும் அசிசி நகர்ப் பிரான்சிசும் ஒருவராய்க் கலந்தாற்போன்றவர் என்று கண்டார். கிறித்தவர் ஒருவர் ஓர் அடியாரைப் பற்றிச் சொல்லக்கூடிய புகழ்ச்சியில் இதனினும் உயர்ந்தது அரிது.

இவ்வளவும் எழுதியவர் சமயம் மாறினாரல்லர். 1888இல் பேலியல் கல்லூரியின் குருவாக அமர்த்தப்பெற்றவர் அவர். கல்லூரிச் சிற்றாலயத்தின் குரு, சிவபெருமானைப் பாடிய அடியாரின் பாடல்களை ஆண்டுக்கணக்கில் ஆங்கிலமாக்கினார். இவ்விரண்டும் அவர் உள்ளத்தில் மோதிக்கொள்ளவில்லை. தம் நம்பிக்கை உறுதியாய் நின்றதனால்தான் பிறர் நம்பிக்கைமுன் அஞ்சாமல் நிற்க அவரால் முடிந்தது என்பது என் எண்ணம். தஞ்சையில் தம் சமயத்தின் இன்னொரு பிரிவினரோடு பூசலிட்ட முப்பது வயது இளைஞரையும், ஆக்ஸ்போர்டில் திருவாசகத்தைத் தழுவிய எண்பது வயது முதியவரையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். நம்பிக்கை அதே நம்பிக்கைதான். அதனைக் காக்கத் தாம் வாளேந்தி நிற்கவேண்டியதில்லை என்பதை இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகள் அவருக்குக் கற்பித்துவிட்டன. திருவாசக வரிகளை மேற்கோள் காட்டிக் கடிதம் எழுதுகையில் அவர் கண்ணீர்த்துளி தாளில் விழுந்து எழுத்து கலைந்துவிடும் என்றொரு செவிவழிச் செய்தி உண்டு. அதற்குச் சான்று காட்டுவது கடினம். நூலே சான்றாக இருக்கையில் கண்ணீர்த்துளியை ஏன் தேடவேண்டும்?

இதே காலத்தில் நெல்லைச் சீமையில் இன்னொரு கிறித்தவ முதியவர் இதற்கு எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தார். அவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827இல் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, கம்பராமாயணத்தில் தோய்ந்து, 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியராக அமர்ந்தவர். ஆம், போப்பையர் வித்திட்ட அதே சாயர்புரம்தான். 1858இல் அவர் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியனின் உருவகக் கதையைத் தழுவி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் பதினான்கு ஆண்டு உழைப்பின் விளைவு என்பர். 3700க்கும் மேற்பட்ட பாடல்கள். 1894இல் அது நூலாக வெளிவந்தபோது புலவருக்கு 67 வயது. ஆங்கில உரைநடைக் கதை ஒன்று கம்பனின் நடையும் ஆழ்வார்களின் உருக்கமும் பெற்றுத் தமிழ்க் காப்பியமாயிற்று. சைவத் தமிழை ஆங்கிலத்திற்குக் கொண்டு சென்றார் ஒருவர். கிறித்தவக் கதையைத் தமிழ் மரபுக்குள் கொண்டுவந்தார் மற்றவர். விட்டுவந்த வைணவத்தின் மொழிச் செல்வத்தைக் கிருஷ்ணபிள்ளை வெளியே எறிந்துவிடவில்லை. அதனைப் புதிய கோயிலில் விளக்காக ஏற்றினார். அதுவும் ஒரு நன்றிக்கடன்தான். 1900 பிப்ரவரியில் அவர் காலமானார். போப்பையர் தம் முன்னுரையில் நாளிடுவதற்கு அப்போது மூன்று திங்கள்கூட இல்லை.

எழுத்துப் பணி முடிந்தது என்று எண்பதாம் பிறந்தநாளில் எழுதியவர் அப்படியே ஓய்ந்துவிட்டாரா என்றால், இல்லை. நல்லசாமிப்பிள்ளை 1897இல் தொடங்கிய சித்தாந்த தீபிகை இதழுக்கு அவர் எழுத்துகள் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்துகொண்டிருந்தன. புறநானூற்றுப் பாடல்கள் சிலவும் புறப்பொருள் வெண்பாமாலையின் பகுதிகளும் மணிமேகலைக் கதையும் அவர் கைபட்டு ஆங்கிலமாயின. பரிதிமாற்கலைஞர் என்று போற்றப்படும் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியாரின் தனிப்பாசுரத் தொகையையும் அவர் மொழிபெயர்த்தார். பாடியவர் முப்பதைச் சற்றே கடந்த கல்லூரி ஆசிரியர். பெயர்த்தவர் எண்பதைக் கடந்தவர். பழந்தமிழ் ஏடுகளோடு நின்றுவிடாமல் புதிதாய் எழுதும் இளைஞரையும் கைதூக்கிவிட்ட இச்செயலை நம் எழுத்தாளர் சங்கத்தின் மூத்தோர் நெஞ்சில் இருத்தவேண்டும். (இளையோர் நூல் வெளியீட்டுக்கு அழைத்தால் முதல் வரிசையில் அமர்வதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது.) அவ்விளைஞர் 1903இலேயே மறைந்தார். கிழவர் இருந்தார்.

1906இல் அரச ஆசியக் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1908 பிப்ரவரியில், 88ஆம் பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் இருக்கையில், அவர் இயற்கை எய்தினார்.

நம் நாட்டு மேடைகளில் இவரைப் பற்றி ஒரு கதை தவறாமல் சொல்லப்படுகிறது. தம் கல்லறையில் ஒரு தமிழ் மாணவன் இங்கே உறங்குகிறான் என்று பொறிக்கவேண்டும் என அவர் விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது என்பது கதை. ஜொகூர் மாநிலத் தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் நடுவராக அமர்ந்த ஆண்டுகளில் இதனைக் கேளாத ஆண்டு எனக்கு இல்லை. கைதட்டலும் தவறாமல் எழும். 1966இல் தனிநாயக அடிகளார் முன்னின்று கோலாலம்பூரில் நடத்திய முதல் உலகத் தமிழ் மாநாட்டிற்குப் பின் நம்மிடையே தமிழ்த்தொண்டர் வரலாறுகள் பெருகின. 1968இல் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் மாநாட்டின்போது கடற்கரையில் போப்பையருக்குச் சிலையும் எழுந்தது. சிலை எழும் இடத்தில் கதையும் வளர்வது இயல்பு. ஆனால் கல் இன்றும் இருக்கிறது. ஆக்ஸ்போர்டின் புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அவர்தம் கல்லைக் காணலாம். அதில் தமிழ் மாணவன் என்ற தொடர் இல்லை.

அதில் இருப்பதோ கதையைக் காட்டிலும் பெரிது. கனடாத் தீவில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, இங்கிலாந்திலேயே இறந்த ஒருவரைத் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று அக்கல் குறிக்கிறது. அடுத்து, தமிழும் தெலுங்கும் கற்பித்த விரிவுரையாளர், பேலியல் கல்லூரியின் குரு என்னும் விவரங்கள். கீழே, இக்கல்லை நாட்டியவர் யார் என்ற செய்தி. கீழை நாட்டு இலக்கியத்திற்கும் தத்துவத்திற்கும் அவர் வாழ்நாளெல்லாம் ஆற்றிய உழைப்பை அன்போடு போற்றி, அவர்தம் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து நாட்டியது அது. கடல் கடந்து பொருள் அனுப்பி ஒரு கிறித்தவ குருவின் கல்லறைக்குக் கல் நாட்டிய அத்தமிழ் நண்பர்களின் பெயர்கள் அதில் இல்லை. குடும்பத்தாரோடு சேர்த்துத் தமிழ் நண்பர்கள் என்ற அளவிலேயே அவர்கள் அங்குக் குறிக்கப்பட்டிருக்கின்றனர்.